எடை போடாத வண்டிக்கு என் கையெழுத்து இல்லை

நீ என் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறாய். 'டயர்கள், காற்று அழுத்தம் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்த தாளின் அடியில் அதைக் குத்தி, நான் தொட்டே பார்க்காத டயர்களை நான் பார்த்ததாகச் சொல்லி, ஐந்து மாதமாக அந்தக் கேரவனை ரோட்டில் விட்டுக்கொண்டிருக்கிறாய். உன் அப்பன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமான் ஏற்றிய பிறகு வண்டியை ஒருமுறைகூட எடை போடவில்லை. வாடிக்கையாளரின் டீ கிளாஸ் குலுங்குகிறது என்பதற்காக ஆறு டயரிலும் காற்றை இறக்கி, அதையும் என் பெயரிலேயே எழுதியிருக்கிறாய். இதுதான் நடந்த தவறு. நீ இதை ஃபார்மாலிட்டி என்கிறாய். நான் தவறு என்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் உனக்கும் எனக்கும் நடுவில் சமரசம் கிடையாது.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் மனைவி கவிதா படிக்கட்டும், டிரைவர் டேவிட் படிக்கட்டும், கீழே உன் ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து காத்திருப்பவர்களும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கலாம் என்பதால் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பஸ் சேஸிஸ் மேல் கட்டிய வீடு. முப்பத்தாறு அடி நீளம். உள்ளே நான்கு கட்டில், சமையல் மேடை, குளியலறை, ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. முன்னால் இரண்டு டயர், பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு. ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனி, வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் தன் இன்ஜினியர்களின் குடும்பங்கள் ஊர் சுற்றிப் பார்க்க அதை எடுக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு பேர் அதில் கொடைக்கானல் போகிறார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள். மலை ஏறி, மலை இறங்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான தாளும் ஸ்டாம்ப் குத்தித் தயாராக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று டேவிட்டைக் குடையாதே. அவன் கோள் மூட்ட வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, என்னைப் பார்க்கலாம் என்று படியேறி வந்தான். இடுப்பு எலும்பு முறிந்து நான் மாடியில் கிடக்கிற இந்த ஆறு மாதத்தில் வேலை இல்லாமல் என்னைப் பார்க்க வந்தவர்களை ஒரு கையில் எண்ணலாம். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து கேட்டான்.

"ஏன் நைனா, ஒரு டவுட்டு. வண்டிக்கு சுத்தியும் தொண்ணூறு பவுண்டு காத்து போதும்னு நீதான் சொன்னியாமே? இடது பக்கம் இழுக்குது. பின்னாடி இடது டயர் தொட்டா கை சுடுது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓட்டினுகீறேன்."

"நான் எப்படா சொன்னேன்?"

"தாள்ல உன் ஸ்டாம்ப் கீதே."

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். என் பெயர், அதன் கீழே 'டயர் நிபுணர், முப்பது ஆண்டு அனுபவம்'. நான் என்னை நிபுணர் என்று எந்தக் காலத்திலும் சொல்லிக்கொண்டதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தத் தாளில் ஆறு கட்டங்கள், ஆறிலும் தொண்ணூறு என்று உன் கையெழுத்து. உன் ஒன்பது எனக்குத் தெரியும். வாலை உள்பக்கமாகச் சுழிப்பாய்.

அன்று சாயங்காலமே நீ மேலே வந்தாய். நாம் பேசியதை நீ உன் வசதிக்கு ஏற்ப மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக நடந்தபடி எழுதுகிறேன்.

"என்னப்பா, டேவிட்ட மேல கூப்ட்டு பஞ்சாயத்து வெச்சியாமே?"

"ஸ்டாம்ப் யார் செஞ்சது?"

"சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனாண்ட ஒரு கடை. பத்து நிமிஷத்துல குடுத்துட்டான். இப்ப அதா பிரச்னை? கம்பெனிக்காரன் அனுபவம் உள்ள ஆள் பேர் ஒண்ணு வேணும்னான். இந்த ரோட்ல டயர்னா உன் பேருதான். போட்டேன். சந்தோஷப்படுவியா, சண்டைக்கு வரியா?"

"நான் பாக்கலியேடா."

"எப்படிப் பாப்ப? ஒவ்வொரு ட்ரிப்புக்கும் உன்ன நாற்காலியில வெச்சித் தூக்கினு வந்து காட்டணுமா? சரி, இப்ப கேக்கறேன். எவ்ளோ வெக்கணும்? நூறா, நூத்திப்பத்தா? நம்பர சொல்லு, அதையே வெச்சிடறேன்."

"எடை போட்டியா?"

"அப்பா, நம்பர் சொல்லு."

"எடை போடாம நம்பர் இல்ல."

நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு கவிதா தட்டோடு வந்தாள். அவள் குரலை உயர்த்துகிற பெண் இல்லை. "மாமா, நீங்க ஒரு நம்பர சொல்லிட்டா இந்த வீட்ல எல்லாரும் நிம்மதியா சாப்பிடுவோம்" என்றாள். சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. என்னைப் பிடிவாதக்காரன் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது படியில் கேட்கிறது. பேசிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த எண் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன் என்பதுதான் என் பிடிவாதம்.

அந்த எண் ஏன் எனக்குத் தெரியாது என்று விளக்குகிறேன். டிப்ளமா படித்தவன் நீ. ஆனால் இதை உனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. வண்டியின் பாரத்தை ரப்பர் தாங்குவதில்லை. உள்ளே இருக்கிற காற்றுதான் தாங்குகிறது. எவ்வளவு பாரம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு காற்று என்று சொல்ல முடியும். டயரின் பக்கவாட்டில் ஒரு எண் போட்டிருக்கிறதே, அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச பாரத்துக்கான காற்று. உன் வண்டிக்குப் பொருத்தமான காற்று என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீ முதல் மாதம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆறு டயரிலும் அடித்தாய். வண்டி கல் மாதிரி ஓடியது. அலமாரியில் தட்டுகள் உடைந்தன, வாஷ் பேசினில் விரிசல் விழுந்தது, பிரேக் பிடித்தால் வண்டி குதித்துக் குதித்து நின்றது. முதல் பயணத்துக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கிக் கை தட்டினீர்களே, அந்த வண்டியை அதே உற்சாகத்தோடு எடைமேடைக்கு ஓட்டிப்போயிருந்தால் தட்டுகளாவது மிஞ்சியிருக்கும். பிறகு ஒரு வாடிக்கையாளர் அம்மா குலுங்குகிறது என்று சொன்னதும் தொண்ணூறுக்கு இறக்கினாய். முதலில் டயர்க் கம்பெனியின் எண், இரண்டாவது வாடிக்கையாளரின் எண். வண்டியின் எண் என்ன என்று நீ வண்டியைக் கேட்கவேயில்லை.

பாடி கட்டி முடித்து வெறும் கூடாக வந்த அன்று நான் என் காலில் நடந்துபோய் அதை எடை போட்டேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அதற்குப் பிறகு நீ உள்ளே ஏற்றியவற்றை நினைத்துப் பார். ஜெனரேட்டர் இடது பக்கம். பேட்டரி வரிசை இடது பக்கம். தண்ணீர்த் தொட்டி பின் இடது மூலையில். ஃபிரிட்ஜும் அதே பக்கம். ஏன் என்றால் படம் வரைந்துகொடுத்த பையனுக்கு வலது பக்கம் முழுக்கப் பெரிய ஜன்னல் வேண்டுமாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்க இடது ஜோடி டயர் சுமப்பதும் வலது ஜோடி சுமப்பதும் ஒன்றா? வித்தியாசம் நூறு கிலோவா, ஆயிரம் கிலோவா? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜோடி டயரில் உள்டயரில் காற்று குறைந்தால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. வெளிடயர் இரண்டு பேர் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். சூடேறும். அது வெடிக்கிற இடத்தை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மலையில் இறங்கும்போது என்றால் மலையில்.

எடை போடாததற்கு நீ சொல்கிற காரணம் நேரம் இல்லை என்பது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். எடை போட்டு, பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, தாங்கக்கூடியதைவிட அதிகமாக வந்துவிட்டால் ஜெனரேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும், அல்லது தொட்டியைப் பாதியாக்க வேண்டியிருக்கும். அப்போது விளம்பரப் பிரசுரத்தில் படம் போட்டு நீ சொன்ன வசதி இருக்காது. ஒரு எண்ணைப் பார்க்கப் பயந்து அது இல்லாத மாதிரி நடந்துகொள்கிறாய். இதை எங்கிருந்து கற்றாய் என்றும் எனக்குத் தெரியும். என்னிடமிருந்து.

திங்கட்கிழமை நீ மறுபடி வந்து, குரலைத் தணித்துச் சொன்னாயே, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். "கம்பெனிக்கு போன் பண்ணுவியா? பண்ணு. ஏழுமலை அண்ணன் வேலை போச்சே, அப்ப கல்லு குத்திச்சின்னு சொன்னது யாரு? நான் வாயத் தொறந்தா உன் பேரு இந்த ரோட்ல நிக்குமா?" என்றாய். அது நான் உனக்கு, நீ கல்யாணம் ஆகிக் கடையை எடுத்துக்கொண்ட வருஷம், இந்தத் தொழிலில் ஜாக்கிரதையாக இரு என்பதற்காகச் சொன்ன விஷயம். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் உனக்குச் சொன்னேன். அதை எடுத்து என் கழுத்தில் வைத்தாய்.

படிக்கிறவர்களுக்காக அதையும் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்பு, வல்லம் வடகாலில் ஆலைகள் எழும்பத் தொடங்கிய காலம். ரோட்டோரம் ஒரு கம்ப்ரசரும் இரண்டு ஜாக்கியுமாக நான் கடை வைத்திருந்தேன். ஆலை வேலைக்கு ஆள் ஏற்றுகிற ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு நான்தான் காற்று. டிரைவர் ஏழுமலை. சித்திரை வெயிலில் ஒரு மதியம், ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். காற்றை அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தால் எல்லா டயரும் பதினைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டியது. "அண்ணே, ஏறிப்போச்சி, வெடிச்சிடப்போது, எறக்கி வுடு" என்றான். நானும் இறக்கினேன். ஓடி வந்த டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் டயரைச் செய்தவன் கணக்குப் போட்டிருக்கிறான், குளிர்ந்தபின் அது தன் அளவுக்கு வந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்த ரோட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் செய்தோம். டீக்கடையில் நிறுத்தி டயருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருந்தார்கள். உள்டயரைக் கேஜ் வைத்துப் பார்ப்பதும் கிடையாது. சுத்தியால் ஒரு தட்டு, காதில் ஒரு சத்தம், அவ்வளவுதான். என் காது தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லும். நானும் நம்பினேன்.

மறுநாள் முதல் ஷிஃப்டுக்குப் போகும்போது, பின் உள்டயர் வெடித்து, கூடவே வெளிடயரும் போய், பஸ் வாய்க்கால் பக்கம் சாய்ந்து நின்றது. யாரும் சாகவில்லை. ஆலை லைனில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கம்பெனி ஆள் வந்து என்னைக் கேட்டான். கூர்மையான கல் குத்தியிருக்கிறது, டிரைவர் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்றேன். அந்த நிமிஷத்தில் அதை நானே நம்பினேன். ஏழுமலையை வேலையிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, புது டயர் பிரித்தபோது உள்ளே ஒரு தாள் இருந்தது. முழுக்க எண்கள். ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் பவுண்டு. ஆலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவர் மதிய இடைவேளைகளில் டீ குடிக்க வருவார். அவரிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. 'சூடாக இருக்கும்போது காற்றை இறக்காதே' என்று அவர் தமிழில் சொன்னபோது, என் கையில் இருந்த டீ கிளாஸை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் அந்த பஸ்ஸைச் சாய்த்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அறியாமல் செய்த முதல் தவறை மன்னிக்கலாம். அறிந்தபின் பதிமூன்று வருஷம் மூடி வைத்திருந்தது இரண்டாவது. அதை மன்னிக்க நான் யாரையும் கேட்கவில்லை.

நீ போன பிறகு நான் இந்த அறையைப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு வாக்கர், ஒரு கம்பி ஜன்னல். வெளியே பதினேழு இரும்புப் படிகள். கீழே நான் இருந்த அறைதான் இப்போது உன் ஆபீஸ். தற்காலிகம்தான் என்று சொல்லி என்னை மேலே ஏற்றினாய். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் படியில்தான் விழப்பார்த்து ஒருமுறை தப்பினேன், அடுத்தமுறை தப்பவில்லை. ஜன்னலில் உட்கார்ந்தால் வண்டியின் கூரையும் இடது பக்கமும் தெரியும். பின் இடது டயர் தரையில் எவ்வளவு பரந்து உட்கார்ந்திருக்கிறது என்று தினம் பார்க்கிறேன். காலையில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நான் கத்தினால் கீழே கேட்காது. போன் இருக்கிறது, நீ எடுப்பதில்லை. கம்பெனிக்காரரிடம் பேசினால் உன் தொழில் போகும். டேவிட்டின் வேலை போகும். நான் சாப்பிடுகிற சோறும் அதிலிருந்துதான் வருகிறது. என்னைக் குளியலறைக்குத் தூக்கிப்போகிற கையும் உன் கைதான். பேசாமல் இருந்தால் என் பெயர் அந்த ஆறு பேரோடு மலையேறுகிறது. ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் தூங்கவில்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் இடுப்பு வலித்தது, எந்தப் பக்கம் யோசித்தாலும் நீதான் வந்து நின்றாய்.

பிறகு ஒன்று புரிந்தது. நீ என் கழுத்தில் வைத்தது நானே உன்னிடம் கொடுத்தது. அதை உன்னிடமிருந்து வாங்க வேண்டியதில்லை. செல்லாமல் ஆக்கினால் போதும்.

செவ்வாய்க்கிழமை ஏழுமலையின் நம்பரை டேவிட்டிடம் வாங்கி நானே அழைத்தேன். இப்போது அவன் ஸ்டேஷனிலிருந்து ஆலைகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

"யாரு? டயர்கார அண்ணனா? இன்னும் கீறியா நீ? போய்ட்டேன்னு இல்ல நெனச்சேன்" என்று சிரித்தான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. கல் இல்லை ஏழுமலை, நான் சூட்டில் காற்றை இறக்கினதுதான் காரணம், உன் தப்பு ஒன்றும் இல்லை, பதிமூன்று வருஷமாக எனக்குத் தெரியும் என்றேன். "ஒரு நிமிசம் இரு" என்றான். "ஒரகடம், ஒரகடம்... ஏறும்மா, பின்னாடி எடம் கீது... கொஞ்சம் தள்ளி குந்துப்பா." ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி போனுக்கு வந்தான்.

"எறக்க சொன்னதும் நான்தானேண்ணே."

"சொன்னது நீ. தொழில் தெரிஞ்சவன் நான்."

"அதுவும் சரிதான்." பிறகு அவன் குரலே வேறாக இருந்தது. "அன்னிக்கி நான் குடிச்சிட்டு ஓட்னேன்னு எம் பொண்டாட்டி இன்னிய வரிக்கும் சொல்லினுகீறா. நீ எனக்கு சொல்லி இன்னா பிரயோஜனம்? அவளாண்ட சொல்லு. சாயந்திரம் பண்ணு, போன அவ கைல குடுக்கறேன்."

சாயந்திரம் அழைத்தேன். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், "சரி. கேட்டுகினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் அதற்காகப் பண்ணவில்லை. எலும்பு முறிந்த பெண்ணின் ஊர் இன்னும் தெரியவில்லை. ஏழுமலை விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஆக, இனி நீ வாயைத் திறந்தாலும் இந்த ரோட்டில் யாருக்கும் புதிதாகத் தெரிய ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. உழைக்கிறாய். வாடகைக்கு ஒரு பழைய வேன் ஓட்டிக்கொண்டிருந்த நீ இந்த வண்டியைக் கட்டி நிறுத்தியபோது, எனக்குள் இருந்த பெருமையை உன்னிடம் காட்டவில்லை. அது என் குறை. நான் உனக்குப் பாராட்டுச் சொல்லி வளர்க்கவில்லை. குற்றம் சொல்லியே வளர்த்தேன். அதனால் நான் எதைச் சொன்னாலும் உனக்குக் குற்றமாகவே கேட்கிறது. ஆனால் என் குரல் பிடிக்கவில்லை என்பதற்காக எண் மாறிவிடாது. நான் செத்த பிறகும் அந்தப் பின் இடது டயர் அதே பாரத்தைத்தான் சுமக்கும்.

இனி நடக்க வேண்டியது. இன்று புதன்கிழமை.

இன்று சாயங்காலத்துக்குள் வண்டியை, வெள்ளிக்கிழமை எப்படிக் கிளம்புமோ அப்படி நிரப்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டி முழுக்க, டீசல் முழுக்க, சமையல் சாமான், காஸ், படுக்கை, ஸ்டெப்னி. ஆறு பேருக்கும் அவர்கள் பெட்டிகளுக்கும் பதிலாக, அவரவர் உட்காரும் இடத்தில் மணல் மூட்டை. செய்ய வேண்டியவன் நீ.

நாளை காலை வல்லம் வடகாலில் இரும்புக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிற எடைமேடைக்கு ஓட்டிப்போக வேண்டும். வேறு மேடை கூடாது. அங்கேதான் மேடையும் தரையும் ஒரே மட்டம், பாதி வண்டியை வெளியே நிறுத்தலாம். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக, பிறகு ஒவ்வொன்றிலும் இடது பக்கச் சக்கரங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த சீட்டு. வாயால் சொன்ன எண் வேண்டாம். ஓட்டுவது டேவிட், கூட இருப்பது நீ.

சீட்டுகளை மாடிக்குக் கொண்டுவருவது கவிதா.

டயர்க் கம்பெனியின் பாரம்-பவுண்டு அட்டவணையைப் பார்த்து எண் எழுதுவது நான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. எந்தப் பக்கம் அதிக பாரமோ அந்தப் பக்கத்துக்கு வேண்டிய காற்றையே அந்த ஆக்சிலின் எல்லா டயருக்கும் எழுதுவேன். அது டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கிற உச்ச எண்ணைத் தாண்டாது.

ஆக்சில் தாங்குவதைவிட பாரம் கூடுதலாக வந்தால், அன்றே ஜெனரேட்டரைக் கழற்றுவது நீ. கழற்றிய பின் மறுபடி எடைமேடை. வாதம் கிடையாது.

ஆறு டயரிலும் ஸ்டெப்னியிலும் தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கமாகப் பதித்திருக்கும். பழசான டயர் காற்று சரியாக இருந்தாலும் வெடிக்கும், அதனால் அதையும் குறித்துத் தர வேண்டும். உள்டயரின் உள்பக்கத்தில் இருந்தால் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுப்பது நீ, டேவிட் அல்ல.

நாளை மாலை ஐந்து மணிக்குள் கம்பெனியின் போக்குவரத்து மேலாளரிடம், இதுவரை கொடுத்த தாள்கள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை என்று சொல்வது நீ. ஐந்து மணிக்குச் சொல்லியிருக்காவிட்டால் ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்குச் சொல்வது நான். அந்த ஸ்டாம்பை உடைத்துப் போடுவது யாராக இருந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன், இரவெல்லாம் நின்று குளிர்ந்த டயரில், நீளக் கழுத்து கேஜ் வைத்து உள்டயர் உட்பட ஆறையும் அளந்து காற்று வைப்பது டேவிட். வழியில் நிறுத்துகிற இடமெல்லாம் ஒவ்வொரு டயரையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் அவன்தான். சூட்டில் எவ்வளவு காட்டினாலும் இறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் வண்டியை நகர்த்தாமல் எனக்கு போன் செய்ய வேண்டும். அவனிடம் நீ குறுக்கே பேசக் கூடாது.

கேஜில் எண்ணை என் கண்ணால் பார்த்து, தாளில் என் கையால் எழுதுவது நான். அதற்காக என்னைக் கீழே இறக்குவது நீயும் டேவிட்டும்.

இறக்காவிட்டால், பதினேழு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து நானே இறங்குவேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை, அதனால் நாலு மணிக்கே தொடங்குவேன். வண்டி நகர முடியாதபடி முன் டயருக்கு எதிரில் தரையில் உட்காருவது நான். சாவி உன் கையில் இருக்கும். அதற்கு மேல் என்ன என்று முடிவு செய்வது நீ.